நேபாள மலைக்கிராமம் ஒன்றின் வீடுகளுக்காகப் பணம் சேர்ப்பது: யாரிடம், எப்போது, யார் கையில்?

ஹப்புத்தளை வாத்தியார் | 2015 மே 3

ஏப்ரல் 25ஆம் திகதி சனிக்கிழமை முற்பகல் 11.56 மணிக்கு நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில், பார்பாக் என்னும் மலைக்கிராமத்தின் அருகே தொடங்கிய 7.8 அளவிலான நிலநடுக்கத்தின் காட்சிகளை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை அந்த நாட்டில் வாராந்த விடுமுறை நாள் என்பதால் இடிந்து விழுந்த பாடசாலைகளுக்குள் பிள்ளைகள் இருக்கவில்லை. அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்குக் கொஸ்லாந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. கடந்த ஒக்டோபர் 29ஆம் திகதி காலை அந்த மலை சரிந்தபோது, பாடசாலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டதாலேயே நம் பிள்ளைகள் பலர் உயிரோடு இருந்தார்கள். அங்கே பாடசாலை இல்லாததால் பிழைத்தார்கள், இங்கே பாடசாலை இருந்ததால் பிழைத்தார்கள்.

என்னிடம் படித்த ஒரு பையன் கட்டாரில் வேலை செய்கிறான். அவனோடு ஒரே அறையில் இருக்கும் நேபாளத் தோழரின் கிராமம் சிந்துபால்சோக் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே நிமிர்ந்து நிற்கும் வீடு ஒன்றுகூட இல்லையாம். ஒரு தோட்டத்துத் தொழிலாளர்கள் ஆளுக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், கொடுத்தாலே ஒரு நல்ல தொகை சேரும் என்று நினைக்கிறேன். இதைச் செய்யலாமா, செய்வதானால் எப்படி என்று உங்கள் கருத்துகளைக் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பிரட்டுக்களம் | 2015 மே 3

வாத்தியாரின் மனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரைப் பேர் என்பது என்ன என்பதை ஒருமுறை கணக்குப் பார்த்துவிட்டுப் பேசுவோம். ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. வரவுக் கொடுப்பனவும் மற்றதும் சேர்ந்தால் 620 ரூபா. வருகை குறைந்தால் அதுவும் இல்லை. அந்தக் கூட்டு ஒப்பந்தமும் மார்ச் 31ஆம் திகதியோடு முடிந்துவிட்டது, புதியது இன்னும் கையெழுத்தாகவில்லை. கோயில் காசு, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் என்று செக்ரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், ஏற்கெனவே வெட்டுவது போதாதா? அதோடு மீரியபெத்தைச் சனங்கள் இன்னும் வீடு இல்லாமல் இருக்கும்போது, அவர்களைத் தாண்டி இமயமலைக்குப் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உலகம் முழுவதும் இன்றைக்கு நேபாளத்தைப் பார்க்கிறது. நம் இராணுவம்கூட விமானத்தில் போய் இறங்கியிருக்கிறது. நம்மை யார் பார்க்கிறார்கள்?

தோஹா காம்பரா | 2015 மே 5

வாத்தியார் சொன்ன அந்தப் பையன் நான்தான். ஊர் பண்டாரவளைப் பக்கம். தோழரைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன், ஆனால் அவருடைய பெயரையும் கிராமத்தின் பெயரையும் பொதுவில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

இந்த நாட்டில் சுமார் நான்கு இலட்சம் நேபாளிகள் வேலை செய்கிறார்கள். எங்கள் முகாமில் பாதிப் பேர் அவர்கள். அன்று காலை வேலைத்தளத்தில் இருந்தபோது ஒவ்வொருவராகத் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றதையும், எந்தத் தொலைபேசியிலும் மறுமுனை எடுக்கப்படாததையும் நான் பார்த்தேன். தோழருக்கு மூன்றாம் நாள்தான் தகவல் கிடைத்தது. தாயும் மனைவியும் மேல் வயலில் இருந்ததால் தப்பினார்கள். வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த தகப்பனார் தப்பவில்லை. எங்கள் நிறுவனம் விடுமுறை தரவில்லை. ஈமச் சடங்கை அவர் முகாமின் குளியலறைக்குப் பின்னால், தலையை மழித்துக்கொண்டு, தனியாகச் செய்தார்.

பிரட்டுக்களம் அண்ணன் கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் மீரியபெத்தைக்காக நாங்கள் இந்த முகாமில் பணம் சேர்த்தபோது, தோழரும் அவருடைய ஊரார் ஆறு பேரும் ஆளுக்கு ஐம்பது ரியால் போட்டார்கள். கொஸ்லாந்தை எங்கே இருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

பூனாகலைக்காரி | 2015 மே 6

இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். மீரியபெத்தையின் பெயரைச் சொல்லி இரண்டு பக்கமும் வாதாடுவதால், அந்தச் சனங்களோடு பாடசாலை முகாமிலும், பிறகு மாகல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தொண்டராக நின்றவள் என்ற முறையில் சில விடயங்களை எழுத வேண்டியிருக்கிறது.

முதல் வாரத்தில் வந்த உடுப்புகளைப் பிரிக்கவே பத்துப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். குளிர் பிரதேசத்துக்கு மெல்லிய சட்டைகள் வந்தன. ஒற்றைச் சப்பாத்து வந்தது. ஒரு மூட்டையில் நீச்சல் உடைகூட இருந்தது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நூடில்ஸ் பெட்டிகள் ஒரு வகுப்பறையின் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. ஆனால் பெண்களுக்கு உள்ளாடை இல்லை, பிரித்துச் சமைக்கப் பெரிய பாத்திரம் இல்லை, தேசிய அடையாள அட்டையை மண்ணுக்குள் விட்டவர்களுக்குப் பிரதேச செயலகத்துக்குப் போய்வர பஸ் காசு இல்லை. காசாக ஒருவரும் கொடுக்கவில்லை. கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்று ஒரு நல்ல மனிதர் எங்கள் முன்னாலேயே சொன்னார்.

முதல் மாதத்தில் எல்லாம் வந்தது. ஆறாவது மாதத்தில் ஒன்றும் வரவில்லை. இப்போது அந்தத் தொழிற்சாலைக்குள், கொழுந்து வாட்டும் தளத்தைப் பலகையால் பிரித்து, ஒரு குடும்பம் இருமினால் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளை விழித்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறார்கள். காணி பார்த்தாயிற்று, அளந்தாயிற்று, அடிக்கல்லும் வைத்தாயிற்று என்று ஒவ்வொரு மாதமும் ஒரு செய்தி வருகிறது. இந்தக் காத்திருப்புக்கு உதவி செய்ய ஒருவரும் வருவதில்லை, ஏனென்றால் காத்திருப்பதைப் படம் பிடிக்க முடியாது.

ஆகவே நேபாளத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால் கொடுங்கள் என்றே சொல்வேன். நேற்று முகாமில் இரண்டு பெண்களிடம் கேட்டேன். “மலை விழுந்த ஊருக்கா, கட்டாயம் கொடுக்க வேணும்” என்று ஒருவர் உடனே சேலைத் தலைப்பை அவிழ்த்தார். நான்தான் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் இன்றைக்கே அனுப்பாதீர்கள். இன்றைக்கு அங்கே தறப்பாளும் அரிசியும் ஹெலிகொப்டரில் வருகின்றன. ஹெலிகொப்டர்கள் திரும்பிப் போன பிறகு ஒரு நாள் வரும், உங்கள் பணம் அந்த நாளுக்கு இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் வீடு கட்டப் போகிறார்கள் என்று கேட்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது, சனங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தார்கள்.

கணக்கப்பிள்ளை | 2015 மே 7

ஹற்றனில் வங்கியொன்றில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். உணர்ச்சியான விடயத்தில் சட்டம் பேசுவதற்கு மன்னிக்கவும், ஆனால் ஒருவராவது பேசத்தான் வேண்டும்.

இலங்கை ரூபாவைச் சேர்த்து, அதை வெளிநாட்டில் இருக்கும் ஒரு தனிமனிதருக்கு நன்கொடையாக அனுப்புவது, 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் நீங்கள் நினைப்பதுபோல் எளிதான காரியம் அல்ல. வங்கிக் கருமபீடத்தில் படிவத்தை நீட்டினால் காரணம் கேட்பார்கள், ஆவணம் கேட்பார்கள், அனுமதி கேட்பார்கள். அப்படியானால், ‘தோட்டத்தில் சேர்ந்த ரூபாவைத் தோஹாத் தம்பியின் வீட்டாரிடம் கொடுத்துவிடுவோம், தம்பி அங்கே தன் சம்பளத்திலிருந்து அதே பெறுமதியை ரியாலில் நேபாளத்துக்கு அனுப்பட்டும்’ என்று யாராவது யோசிப்பீர்கள். எனக்கு அப்படியொரு தனிச்செய்தி ஏற்கெனவே வந்துவிட்டது. இப்படி வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றுவதற்கு நம் ஊரில் உண்டியல் என்று பெயர். நல்ல நோக்கத்தோடு செய்தாலும் அது உண்டியல்தான். நாளைக்கு யாராவது முறைப்பாடு செய்தால் பதில் சொல்ல வேண்டியவர் வாத்தியார், அதாவது பொதுப் பணத்துக்குக் கையெழுத்துப் போட்ட ஓர் அரசாங்க ஆசிரியர்.

கொழும்பிலுள்ள நேபாளத் தூதரகத்தினூடாகக் கொடுப்பது நேரான வழி. அந்தப் பணம் நேபாள அரசாங்கத்தின் நிதிக்குப் போகும், தோழரின் கிராமத்துக்குப் போகுமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எது வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கட்டாரில் உழைக்கும் நம் பிள்ளைகள் தங்கள் சம்பளத்தை அங்கேயே, பதிவுபெற்ற பணமாற்று நிலையத்தின் ஊடாக, ரசீதோடு நேபாளத்துக்கு அனுப்புவதில் இலங்கைச் சட்டத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

ஹப்புத்தளை வாத்தியார் | 2015 மே 9

கணக்கப்பிள்ளை ஐயா, அந்தத் தனிச்செய்தி நான் எழுதியதுதான். ஒப்புக்கொள்கிறேன், கைவிட்டும் விடுகிறேன்.

பூனாகலைச் சகோதரி எழுதியதை வாசித்த பிறகு தோட்டத்தில் அரைப் பேர் கேட்பதற்கு எனக்கே வாய் வரவில்லை. ஆகவே இப்படி வைத்துக்கொள்வோமா? தோட்டங்களில் மனமுவந்து யாராவது கொடுத்தால் அது மாகல்தெனியவுக்குப் போகட்டும், பஸ் காசாகவும் பாடசாலைச் செலவாகவும். கட்டாரிலும் துபாயிலும் இருக்கும் மலையகப் பிள்ளைகள் மாகல்தெனியவுக்கு அனுப்ப நினைத்திருந்ததை நேபாளக் கிராமத்துக்குக் கொடுக்கட்டும். பணம் கடல் தாண்டாது, கணக்கு இரண்டும் தனித்தனி.

கணக்கப்பிள்ளை | 2015 மே 9

இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று எழுதி வைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஒருவர் கொடுத்ததற்கு ஈடாக இன்னொருவர் கொடுத்தார் என்று எந்த இடத்திலும் கணக்கு எழுத வேண்டாம்.

தோஹா காம்பரா | 2015 மே 13

நேற்று மீண்டும் 7.3 அளவில் அதிர்ந்திருக்கிறது, இம்முறை அவர்கள் மாவட்டத்துக்கு மிகவும் கிட்ட. முதல் அதிர்வில் விரிந்து நின்ற சுவர்கள் இரண்டாவதில் விழுந்தன. விழுந்ததிலிருந்து கல்லையும் மரத்தையும் பொறுக்கிக் கட்டிய மாட்டுக் கொட்டில்களும் போய்விட்டன. தோழர் இன்று வேலைக்கு வரவில்லை, ஒரு நாள் சம்பளம் போகும் என்று தெரிந்தும் வரவில்லை. பணம் சேர்ப்பதை நாங்கள் தொடங்கிவிட்டோம். எப்போது அனுப்புவது என்பதைப் பிறகு பேசுவோம்.

தூக்குக்குண்டு | 2015 மே 17

நான் நுவரெலியா மாவட்டத்தில் தோட்ட வீடமைப்பு வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். அதற்கு முன் மேசனாக இருந்தவன். இதுவரை எவ்வளவு பணம், எந்த வழியில் என்று மட்டுமே பேசியிருக்கிறோம். அந்தப் பணத்தால் கட்டப்படுவது மறுபடி விழுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

நேபாள மலைகளில் பெரும்பாலான வீடுகள் கல்லும் சேறும். அதனால்தான் விழுந்தன, சீமெந்தில் கட்டியிருந்தால் விழுந்திருக்காது என்று சொல்பவர்கள் காத்மண்டுவில் இடிந்த கொங்கிறீட் மாடிகளைப் பார்க்கவில்லை. கல்வீடு விழுவதற்குக் காரணம் அதன் சுவர் உண்மையில் இரண்டு சுவர்களாக இருப்பதுதான். வெளிப்புறம் ஒரு வரிசை, உட்புறம் ஒரு வரிசை, நடுவே சல்லியும் மண்ணும் போட்டு நிரப்பியிருப்பார்கள். நிலம் பக்கவாட்டில் ஆடும்போது இந்த இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று விட்டு விலகி வயிறு தள்ளும், பிறகு சரியும். மூலைகளில் சுவர்கள் ஒன்றோடொன்று கட்டப்படாமல் முட்டிக்கொண்டு மட்டும் நிற்பதால் ஒவ்வொரு சுவரும் தனித்தனியாக ஆடும். கூரையின் கீழுள்ள முக்கோணச் சுவர்தான் முதலில் விழுவது. அது பாரமானது, உயரத்தில் இருப்பது, எதனாலும் பிடிக்கப்படாதது. திண்ணையில் படுத்திருந்த பெரியவரைப் பற்றித் தம்பி எழுதியதை வாசித்தபோது அந்தச் சுவரைத்தான் நினைத்தேன்.

இதற்கு மருந்து விலை கூடியதல்ல. சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே போகும் நீளக் கற்களை இரண்டடிக்கு ஒன்றாக வைக்க வேண்டும். கல் கிடைக்காத இடத்தில் மரத்துண்டும் போதும். அத்திவாரத்தின் மேலும், ஜன்னலின் அடியிலும், கதவு ஜன்னல்களுக்கு மேலே லிண்டல் மட்டத்திலும், கூரையின் கீழும் வீட்டைச் சுற்றி வளையமாக ஒரு பட்டி ஓட வேண்டும், அது கம்பி போட்ட கொங்கிறீட்டாகவோ மரமாகவோ இருக்கலாம். முக்கோணச் சுவரைக் கல்லில் கட்டாமல் தகரத்தால் அல்லது பலகையால் அடைத்துவிட வேண்டும். கல் அங்கேயே கிடக்கிறது, சேறும் அங்கேயே இருக்கிறது. வெளியிலிருந்து போக வேண்டியது கம்பி, கொஞ்சம் சீமெந்து, கூரைத் தகரம், இவற்றைக் கழுதைப் பாதையில் ஏற்றும் கூலி, பிறகு இதெல்லாம் தெரிந்த ஒரு மேசன். மலைக்கு மேலே போகப் போகச் சீமெந்தின் விலையை விடச் சுமைகூலி பெரிதாகிவிடும் என்பது, லொறி போகாத டிவிசனில் வீடு கட்டிய எவருக்கும் தெரியும்.

அதோடு ஜூனில் அங்கே மழை தொடங்கும். எந்த இடத்தில் வீடு கட்டப் போகிறார்கள் என்று கேட்கும்படி பூனாகலைத் தங்கச்சி சொன்னது சரி, அதிர்வில் வெடித்த மலைகள் மழைக்கு எப்படி நிற்கும் என்று தெரியாது. இந்த மழைக்காலத்தில் அவர்களுக்குத் தேவை தகரம் மட்டுமே. தகரத்தை வளைத்துக் கொட்டில் போட்டுக்கொண்டால், பிறகு அதே தகரம் வீட்டுக் கூரைக்கு ஏறும். தறப்பாள் ஒரு பருவத்தில் கிழியும். மழை முடிந்து, எந்தச் சரிவு நிற்கிறது, எது நகர்கிறது என்று பார்த்த பிறகே அத்திவாரம் வெட்ட வேண்டும். முழுப் பணத்தையும் இப்போது அனுப்பினால், சாகாமல் இருப்பதற்கு அதைச் சாப்பிட்டுவிடுவார்கள். அது அவர்கள் குற்றமாகாது, ஆனால் வீடு எழாது.

பிரட்டுக்களம் | 2015 மே 18

அப்படியானால் தகரத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டு மிச்சத்தை யார் பெயரில் வைத்திருப்பது? சேர்த்த பணம் வங்கியில் தூங்கும்போது சேர்த்தவர்கள் தூங்கமாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி? இந்தக் கேள்விக்காக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோயில் கட்டச் சேர்த்த பணம் தேர்தல் போஸ்டராக மாறியதை நான் என் கண்ணால் பார்த்தவன்.

தோஹா காம்பரா | 2015 மே 22

கோபம் இல்லை அண்ணா. மூன்று பேர் பெயரில் வைத்திருக்கிறோம்: நான், தோழர், அவருடைய ஊரைச் சேர்ந்த இன்னொருவர். முதலாவது பகுதி தகரத்துக்குப் போய்விட்டது, ரசீதின் படத்தை இணைத்திருக்கிறேன். மிச்சத்தைத் தொடுவதற்கு மூவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். யாருக்குத் தகரம் என்பதை நாங்கள் சொல்லவில்லை. கிராமத்துப் பெண்கள் குழு ஒன்று சொன்னது. அவர்கள் மாதம் மாதம் பணம் போட்டு முறைக்குக் கடன் எடுக்கும் குழுவினர், நம் சீட்டுக் கணக்கைப் போல. யார் வீட்டில் ஆண் இல்லை, யார் வீட்டில் கைக்குழந்தை என்று அவர்களுக்கே தெரியும்.

தோஹா காம்பரா | 2015 டிசம்பர் 4

நீண்ட நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். எழுத நல்ல செய்தி இல்லை. செப்டெம்பரில் நேபாளத்தின் புதிய அரசியலமைப்பு வந்ததோடு தெற்கு எல்லையில் தொடங்கிய தடை இன்னும் நீங்கவில்லை. டீசல் இல்லை, சமையல் எரிவாயு இல்லை, சீமெந்தும் கம்பியும் வரும் லொறிகள் எல்லையில் நிற்கின்றன. மழை முடிந்த பிறகு கட்டலாம் என்று காத்திருந்தோம்; மழை முடிந்ததும் பாதை மூடிவிட்டது. குளிர்காலத்துக்காகப் போர்வைக்கும் வைக்கோல் மெத்தைக்கும் சிறு தொகை ஒன்றை மூவரும் சம்மதித்து எடுத்தோம்.

இங்கே முகாமில் சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். இரண்டு பேருக்குக் கொடுத்தும்விட்டேன்.

பூனாகலைக்காரி | 2015 டிசம்பர் 5

திருப்பிக் கேட்டவர்களைக் குறை நினைக்காதீர்கள் தம்பி. ஆனால் மிச்சத்தை விட்டுவிடாதீர்கள். மாகல்தெனியவிலும் அதே கதைதான், ஒரு வருடம் தாண்டிவிட்டது. தோட்டங்களிலிருந்து வந்த காசில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்புக்கு ஒரு மின்குமிழும் இரண்டு மேசையும் வாங்கினோம். பெரிய விடயமில்லை, ஆனால் அந்த இடத்தில் இரவில் படிக்கக்கூடிய வெளிச்சம் அது ஒன்றுதான்.

தோஹா காம்பரா | 2016 ஓகஸ்ட் 12

தோழர் இரண்டு மாத விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பிவிட்டார். அவர் சொன்னதை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

எல்லைத் தடை பெப்ரவரியில் நீங்கியது. மீள்நிர்மாணத்துக்கென்று அரசாங்கம் அமைத்த அதிகாரசபை, முற்றாக இடிந்த வீட்டுக்கு 2 இலட்சம் நேபாள ரூபா மானியம் என்று அறிவித்து, மார்ச் மாதத்தில் முதலாவது ஒப்பந்தங்களைக் கையெழுத்திட்டது. இப்போது மாவட்டம் மாவட்டமாக நடக்கிறது. முதல் தவணை 50,000. அத்திவாரம் கட்டி, பொறியியலாளர் வந்து பார்த்துச் சரி என்று எழுதினால்தான் இரண்டாவது தவணை. 50,000க்கு அத்திவாரம் முடியாது. மேசன் கூலி இரட்டிப்பாகிவிட்டது, ஏனென்றால் மேசன் வேலை தெரிந்த வாலிபர்கள் எல்லோரும் என்னோடு இங்கே கட்டாரில் இருக்கிறார்கள். முன்பு ஒருவர் வீட்டுக்கு மற்றவர் கைமாற்றாக உழைப்பதை அவர்கள் பர்மா என்று சொல்வார்களாம். இப்போது கைமாற்றுவதற்கு ஊரில் கைகள் இல்லை. ஆகவே சனங்கள் முதல் தவணையோடு வட்டிக்கும் கடன் வாங்கி அத்திவாரம் போடுகிறார்கள், அல்லது தவணையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள்.

இதைவிட மோசமான நிலையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் எழுத லால்புர்ஜா என்னும் காணி உறுதியைக் காட்ட வேண்டும். பரம்பரையாக ஒரே இடத்தில் வாழ்ந்தும் அந்தக் கடதாசி இல்லாத குடும்பங்கள் கிராமத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கின்றன. அவர்களுடைய வீடும் அதே நாளில், அதே நிமிடத்தில் விழுந்தது. பட்டியலில் அவர்கள் இல்லை.

பிரட்டுக்களம் | 2016 ஓகஸ்ட் 13

இந்தக் கடைசிப் பந்தியை வாசித்துவிட்டு நேற்று இரவு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் தகப்பன் பிறந்த லயத்துக் காம்பராவில், அந்த ஒரே அறையில்தான் நானும் பிறந்தேன், என் பிள்ளைகளும் பிறந்தார்கள். கூரைத் தகரம் ஒழுகினால் மாற்றுவதற்குத் தோட்டத்துத் துரையிடம் கேட்க வேண்டும். இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, ஓரடி நீட்டினால் கடிதம் வரும். நாளைக்கு அந்த லயம் மண்ணுக்குள் போனால், நான் இழந்தது வீடு என்று காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. ஏழு பேர்ச் காணி தருகிறோம், உறுதி தருகிறோம் என்று மேடைகளில் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. வீடு இழந்தவனாகக் கணக்கில் வருவதற்கே முதலில் வீட்டுக்காரனாக இருக்க வேண்டும் என்பது நமக்கு மட்டும் விதிக்கப்பட்டது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

மூன்று பேர் பெயரில் இருக்கும் மிச்சப் பணத்தை அந்தக் கீழ்ப்பகுதிக் குடும்பங்களுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்கிறேன். என் மகன் துபாயில் இருக்கிறான். அவன் பங்கை அங்கிருந்தே அனுப்பச் சொல்லியிருக்கிறேன், ரசீதோடு.

கணக்கப்பிள்ளை | 2016 ஓகஸ்ட் 14

பிரட்டுக்களம் தம்பியின் யோசனையை ஆதரிக்கிறேன், ஆனால் ஒரு திருத்தத்தோடு. மானியப் பட்டியலில் இருப்பவர்களுக்கு நம் பணம் கடனாகப் போகட்டும், வட்டி வேண்டாம். அத்திவாரத்துக்குக் குறையும் தொகையைக் கொடுத்தால் அவர்களுக்கு அடுத்த தவணை வரும். கடைசித் தவணை வந்த பிறகு முடிந்ததைத் திருப்பட்டும், அந்தப் பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். பட்டியலில் இல்லாதவர்களுக்கு அது தானமாகப் போகட்டும், அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வைக்கும் தவணை எதுவும் வரப்போவதில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி பங்கு வைத்தால் பார்வைக்கு அழகாக இருக்கும், ஒரு வீடும் முடியாது.

தூக்குக்குண்டு | 2016 ஓகஸ்ட் 14

ஐயா சொன்னது சரி, ஆனால் பட்டியலில் இல்லாதவர்களின் வீட்டைப் பார்க்கப் பொறியியலாளரும் வரமாட்டார் என்பதை மறக்க வேண்டாம். பரிசோதனை மானியத்துக்காகச் செய்யப்படுகிறது. மானியம் இல்லையென்றால் வளையப் பட்டி இருக்கிறதா, குறுக்குக் கல் இருக்கிறதா என்று கேட்க ஆள் இல்லை. தானமாகக் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பயிற்சி பெற்ற மேசன் ஒருவரின் கூலிக்கென்றே ஒதுக்குங்கள். பயிற்சிகளில் பெண்களும் சேர்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆண்கள் கட்டாரில் இருக்கும் ஊருக்கு அதுவே பொருத்தம்.

தோஹா காம்பரா | 2016 ஓகஸ்ட் 19

மூவரும் பேசிவிட்டோம். பெண்கள் குழுவிடம் கேட்டதில் அவர்கள் ஒரு மாற்றம் சொன்னார்கள்: கடன், தானம் என்று கிராமத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், அவர்களுடைய புத்தகத்தில் மட்டும் எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். காரணம் கேட்கவில்லை, எங்களுக்கே புரிந்தது.

பூனாகலைக்காரி | 2016 ஒக்டோபர் 24

மாகல்தெனியவில் 75 வீடுகள் சென்ற வாரம் கையளிக்கப்பட்டன. சரியாக இரண்டு வருடத்துக்கு எட்டு நாள் குறைவு. கையளிக்கும் விழா எப்படி நடந்தது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. எல்லா விழாக்களையும் போல நடந்தது. மாலையில் எல்லோரும் போன பிறகு ஒரு பாட்டி புது வீட்டின் கதவைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தார். உள்ளேயிருந்து பூட்டக்கூடிய கதவு அவருக்கு இதுவே முதல் தடவை என்றார்.

மாலை வகுப்பு மேசைகள் இரண்டும் புதிய குடியிருப்புக்கு வந்துவிட்டன. தோட்டக் கணக்கில் மிச்சம் இல்லை, அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

தோஹா காம்பரா | 2018 ஏப்ரல் 27

மானியம் 3 இலட்சமாக உயர்ந்த பிறகு வேலை வேகமானது. 50,000, ஒன்றரை இலட்சம், ஒரு இலட்சம் என்று மூன்று தவணைகள். லால்புர்ஜா இல்லாதவர்களுக்கான விதியும் இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, கீழ்ப்பகுதியில் இரண்டு குடும்பங்களின் பெயர்கள் பட்டியலில் ஏறிவிட்டன. அவர்கள் பெண்கள் குழுவிடம் வந்து, தானமாக எழுதியதைக் கடனாக மாற்றி எழுதச் சொன்னார்களாம்.

தோழரின் தாயாருடைய வீட்டின் படத்தை இணைத்திருக்கிறேன். தூக்குக்குண்டு அண்ணா பார்க்க வேண்டும் என்பதற்காக லிண்டல் மட்டத்துப் பட்டி தெரிகிற மாதிரி, பூச்சு பூசுவதற்கு முன் எடுத்த படம். முக்கோணச் சுவர் தகரம். அவர் இன்னும் இரவில் மாட்டுக் கொட்டிலில்தான் படுக்கிறார். பகலில் மட்டும் வீட்டுக்குள் வருகிறாராம்.

தூக்குக்குண்டு | 2018 ஏப்ரல் 27

பட்டி சரி. ஜன்னல் மூலைக்கு மிகவும் கிட்ட வைத்துவிட்டார்கள், இரண்டடியாவது தள்ளி வைத்திருக்க வேண்டும். அடுத்த வீட்டில் சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை | 2018 ஏப்ரல் 28

தம்பி, கொடுத்த தொகைகள் இருபத்திரண்டு என்று என் புத்தகத்தில் இருக்கிறது. ரசீது பத்தொன்பதுதான் வந்திருக்கிறது.

தோஹா காம்பரா | 2018 ஏப்ரல் 28

மற்ற மூன்றும் மேல் கிராமத்தில் இருக்கின்றன ஐயா. கைநாட்டு வைத்த ரசீதுகள், படமெடுக்கத் தெரிந்த பையன் காத்மண்டுவுக்குப் படிக்கப் போய்விட்டான். அவன் விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் அனுப்புவான்.